ஒரு மணிக்குச் சாப்பிடும் நாடு: பிரெஞ்சுக்காரர்களின் எடை கூடிய கதை

1997இல் பிரான்ஸில் ஒபெப்பி என்ற கணக்கெடுப்பு தொடங்கியது. வீடுகளுக்கு வினாத்தாள் அனுப்பி, பெரியவர்கள் தங்கள் உயரத்தையும் எடையையும் தாங்களே எழுதித் தரும்படி கேட்டார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 30ஐ எட்டியவர்கள், அதாவது உடல் பருமன் உள்ளவர்கள், அந்த ஆண்டு 8.5 சதவீதம். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள். 2000இல் 10.1, 2003இல் 11.9, 2006இல் 13.1, 2009இல் 14.5, 2012இல் 15. அதோடு கணக்கெடுப்பு நின்றுபோனது. 2020இல் வேறு ஆட்கள் அதை எடுத்து நடத்தியபோது வந்த எண் 17. ஒரு தலைமுறைக்குள் இரண்டு மடங்கு. பருமன் என்ற எல்லையைத் தொடாமல் எடை மட்டும் கூடியவர்களையும் சேர்த்தால் 47.3 சதவீதம், கிட்டத்தட்ட இரண்டு பேரில் ஒருவர்.

இந்த எண்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். தன் எடையைக் குறைத்தும் உயரத்தைக் கூட்டியும் சொல்வது எல்லா நாட்டிலும் உள்ள பழக்கம். 2015இல் எஸ்தெபான் என்ற அரசு ஆய்வு ஆட்களை நிஜமாகவே தராசில் நிறுத்திப் பார்த்தது. அப்போதே 17 சதவீதம் வந்துவிட்டது. 2006இல் இதேபோல் அளந்தபோது கிடைத்த நிலையிலிருந்து பெரிய மாற்றம் இல்லை என்றும் அந்த ஆய்வு சொன்னது. ஆக, ஏற்றம் ஒரே சீராக நடக்கவில்லை. பெரிய தாவல் 1990களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் நடந்திருக்கிறது.

அமெரிக்காவில் பெரியவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு உடல் பருமன். அதன் பக்கத்தில் வைத்தால் பிரான்ஸ் இன்றைக்கும் ஒல்லியான நாடுதான். அப்புறம் எதற்கு இந்தக் கட்டுரை? மற்ற நாடுகளுக்கு விதிவிலக்காகக் காட்டப்பட்ட நாடு இது என்பதால். 1991 நவம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் தின்னும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு ஏன் குறைவு என்று ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. அதில் பேசிய ஆய்வாளர் செர்ஜ் ரெனோ சிவப்பு ஒயினைக் காரணமாகச் சொன்னார். அமெரிக்கக் கடைகளில் சிவப்பு ஒயின் விற்பனை எகிறியது. ‘பிரெஞ்சு முரண்’ என்ற பெயர் நிலைத்தது. அந்த முரண் இதயத்தைப் பற்றியது. எடையைப் பற்றியது இல்லை. ஆனாலும் ஊர் உலகம் அதை ‘எதைத் தின்றாலும் குண்டாகாத மக்கள்’ என்றே புரிந்துகொண்டது. பிரெஞ்சுக்காரர்களும் அதை நம்பினார்கள் என்பதுதான் இதில் சிக்கல்.

என் கணிப்பு இது: பிரெஞ்சுக்காரர்களை ஒல்லியாக வைத்திருந்ததில் ஒயினுக்கோ ஆலிவ் எண்ணெய்க்கோ பெரிய பங்கு இல்லை. எப்போது சாப்பிடுவது, யாரோடு சாப்பிடுவது, எவ்வளவு நேரம் உட்காருவது, தட்டில் எவ்வளவு வைப்பது என்ற ஊர்க்கட்டுப்பாடுதான் அதைச் செய்தது. அந்தக் கட்டுப்பாடு இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் அதற்குள் வந்து விழும் சாப்பாடு மாறிவிட்டது. யாருக்கு அந்தக் கட்டுப்பாடு முதலில் தளர்ந்ததோ, அவர்கள்தான் முதலில் எடை கூடினார்கள்.

கடிகாரமும் தட்டும்

பிரெஞ்சுப் புள்ளியியல் நிறுவனமான இன்சே, மக்கள் நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்று அவ்வப்போது கணக்கெடுக்கும். 2010ஆம் ஆண்டுக் கணக்கில் பளிச்சென்று தெரிந்த விஷயம், மதியம் ஒரு மணிக்கு நாட்டில் பாதிப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, இரவு எட்டு மணி சுமாருக்கு ஒருமுறை. இந்த மூன்றுக்கும் நடுவே வரைபடத்தில் கோடு தரையோடு விழுந்து கிடக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் நாலு, நாலரைக்கு ‘கூத்தே’ என்று ஒரு சிற்றுண்டி உண்டு: ரொட்டியும் சாக்லேட்டும், அல்லது ஒரு பழம். அதைத் தாண்டி இடையில் எதையாவது கொறித்தால், வளர்ப்பு சரியில்லை என்றே பெரியவர்கள் சொல்வார்கள்.

இது வெறும் வீட்டுப் பழக்கமாக மட்டும் நிற்கவில்லை. வேலை செய்யும் அறையிலேயே ஊழியர்கள் சாப்பிடுவதைத் தொழிலாளர் சட்டம் தடை செய்திருந்தது. கொரோனா காலத்தில், 2021 பிப்ரவரியில்தான் அதைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். 1967 முதல் நிறுவனங்கள் ஊழியர்களுக்குச் சாப்பாட்டு டிக்கெட் கொடுக்கின்றன. பள்ளி கேன்டீனில் முதலில் காய்கறி, பிறகு முக்கிய உணவு, பிறகு பால் அல்லது பாலாடைக்கட்டி, கடைசியில் இனிப்போ பழமோ என்று வரிசை உண்டு. 2011இல் வந்த அரசாணையின்படி, இருபது வேளைச் சாப்பாட்டில் எண்ணெயில் பொரித்த பண்டம் நான்கு முறைக்கு மேல் வரக்கூடாது. எட்டு முறையாவது பழம் இருக்க வேண்டும். கெட்சப்பையும் மயோனைஸையும் பிள்ளைகள் தாங்களாகவே எடுத்துக்கொள்ளும்படி வைக்கக்கூடாது. கெட்சப்புக்குத் தடை என்று அமெரிக்கப் பத்திரிகைகள் அதைக் கிண்டல் செய்தன. எனக்கு அந்த ஆணையில் கெட்சப்பைவிட இருபது வேளைக் கணக்குதான் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது. எந்தப் பண்டத்தையும் அது விலக்கவில்லை; எத்தனை முறை என்பதை மட்டும் கட்டிப்போட்டது.

அமெரிக்க உளவியலாளர் பால் ரோசினும் பிரெஞ்சு சமூகவியலாளர் குளோத் ஃபிஷ்லரும் சேர்ந்து 2003இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. பாரிஸிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் ஒரே மாதிரியான உணவகங்களுக்குப் போய், ஒரு பரிமாறல் எத்தனை கிராம் என்று எடை போட்டார்கள். பாரிஸில் சராசரி 277 கிராம், ஃபிலடெல்ஃபியாவில் 346. அதே ஆய்வில் மெக்டொனால்ட்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும் நேரத்தையும் பார்த்தார்கள். அமெரிக்கர் 14 நிமிடம், பிரெஞ்சுக்காரர் 22 நிமிடம். குறைவாக வைத்துக்கொண்டு அதிக நேரம் சாப்பிடுகிறார்கள். இதற்குத் தனிமனித மன உறுதி எதுவும் தேவைப்படவில்லை. கடைக்காரர் தட்டில் வைத்ததைச் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

2010இல் யுனெஸ்கோ பிரெஞ்சு விருந்துச் சாப்பாட்டைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒரு பழக்கத்துக்கு மரபுச் சான்றிதழ் வாங்க வேண்டிய நிலை வந்தாலே, அது கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

மேசை அப்படியே, அடுப்பு மட்டும் அணைந்தது

எடை கூடிய காலத்தில் ரொட்டியும் ஒயினும் பெருகியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. 1900 வாக்கில் ஒரு பிரெஞ்சுக்காரர் நாளுக்குச் சுமார் 900 கிராம் ரொட்டி தின்றார்; இன்று அது பகெத் என்ற நீள ரொட்டியில் பாதி அளவுக்கு வந்துவிட்டது. 1960களில் ஆளுக்கு ஆண்டுக்கு 120 லிட்டர் ஒயின். இப்போது அதில் மூன்றில் ஒரு பங்குகூடச் சந்தேகம்தான். ஊரே கைகாட்டும் இரண்டும் குறைந்திருக்கின்றன. அப்போதைய உழைப்பு வேறு, இப்போதைய உட்காரல் வேறு என்பது உண்மை. ஆனாலும் பழைய சாப்பாட்டின் மேல் பழிபோட முடியாது என்பதற்கு இது போதும்.

மாறியது வேறு இடத்தில். 1963 ஜூனில் பாரிஸுக்குத் தெற்கே செந்த்-ஜெனவியேவ்-தெ-புவா என்ற ஊரில் கார்ஃபூர் தன் முதல் ஹைப்பர்மார்க்கெட்டைத் திறந்தது. காரில் வந்து, வாரத்துக்கு வேண்டியதை ஒரே தடவையில் ஏற்றிக்கொண்டு போகும் முறை அங்கிருந்து நாடு முழுக்கப் பரவியது. பெண்கள் வேலைக்குப் போனார்கள், ஃப்ரீசர் வந்தது, மைக்ரோவேவ் வந்தது. ஆண்கள் அடுப்படிக்கு வந்தார்களா என்றால், அவ்வளவாக இல்லை. இன்சே கணக்கின்படி 1986இல் சமையலுக்குச் சராசரியாக ஒரு நாளில் 71 நிமிடம் செலவானது. 2010இல் அது 53 நிமிடம்.

அதே கணக்கில் சாப்பிடும் நேரம் குறையவில்லை, கூடியிருக்கிறது. 1986ஐவிடப் பதின்மூன்று நிமிடம் அதிகமாக, நாளுக்கு 2 மணி 22 நிமிடம் சாப்பாட்டில் கழிகிறது. எனக்கு இந்த இரண்டு எண்களும் சேர்ந்துதான் மொத்தக் கதையையும் சொல்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் மேசையை விடவில்லை. மணி தவறாமல் உட்காருகிறார்கள், பேசுகிறார்கள், வரிசைப்படி சாப்பிடுகிறார்கள். ஆனால் மேசைக்கு வருவதில் பெரும்பகுதி தொழிற்சாலையில் முடிந்துவிட்டது: குளிரூட்டிய பீட்சா, பாக்கெட் சூப், இனிப்பு சேர்த்த தயிர், காலையில் சீரியல். இப்போது நாட்டின் சராசரி உணவில் கலோரிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படி மிகையாகப் பதப்படுத்திய பண்டங்களிலிருந்து வருகிறது. 2009 முதல் இணையம் வழியாகத் தன்னார்வலர்களின் சாப்பாட்டைப் பதிவு செய்து வரும் நியூட்ரிநெட்-சாந்தே ஆய்வு, இந்த வகை உணவை அதிகம் தின்பவர்களுக்கு எடை கூடும் வாய்ப்பும் அதிகம் என்று காட்டியிருக்கிறது. ஒரே ஆய்வை வைத்துக் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒதுக்கிவிடவும் முடியாது.

மெக்டொனால்ட்ஸ் கதை இதில் ஒரு கிளைக்கதை. 1999 ஆகஸ்டில் தெற்கே மியோ நகரில் கட்டிக்கொண்டிருந்த கடையை ஜோசே போவே தலைமையில் விவசாயிகள் பிரித்துப் போட்டது உலகச் செய்தியானது. ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்கு அமெரிக்கா கூடுதல் வரி போட்டதுதான் உடனடிக் காரணம். அந்தப் படத்தைப் பார்த்து பிரான்ஸ் பர்கரை விரட்டிவிட்டது என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக அந்த நிறுவனத்துக்கு லாபம் தரும் நாடுகளில் பிரான்ஸ் முன்வரிசையில் இருக்கிறது. 2017இல் நாட்டில் விற்ற பர்கர்கள் 146 கோடி என்று ஒரு சந்தை ஆய்வு கணக்கிட்டது. பகெத்தில் வெண்ணெயும் பன்றித் தொடைக்கறியும் வைத்த ஜம்போன்-பெர், பிரெஞ்சு வேலைநாளின் அடையாளம் போன்றது. அது 122 கோடிதான். பர்கர் அதை முந்தியது அப்போதுதான் முதல்முறை. அதற்கும் அடுத்த அலையாக ‘பிரெஞ்சு டாகோஸ்’ வந்தது. மெக்சிகோவுக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒட்டில்லை. லியோன், கிரெனோபிள் நகரங்களின் புறநகர்களில், 2000களில் முளைத்த பண்டம் அது. பெரிய சப்பாத்தி போன்ற ஒன்றில் கறி, வறுத்த உருளைக்கிழங்கு, சீஸ் சாஸ் மூன்றையும் வைத்து மடித்து, இரும்பில் அழுத்திச் சூடாக்கித் தருவார்கள். காசுக்கு வயிறு நிறைய வேண்டும் என்று நினைக்கும் இளைஞர்களுக்கு அதைவிட நல்ல வியாபாரம் இல்லை.

ஒபெப்பி கணக்கில் 18 முதல் 24 வயதுக்காரர்களைத் தனியாகப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். 1997இல் 2.1 சதவீதம், 2020இல் 9.2. வேறெந்த வயதிலும் இந்த வேகம் இல்லை. மணிக்கட்டுப்பாடு இல்லாமல், வீட்டு மேசையை விட்டு வெளியே வளர்ந்த முதல் கூட்டம் இவர்கள்.

2018 ஜனவரியில் நடந்த ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். இன்டர்மார்ஷே கடைகள் நியூட்டெல்லா சாக்லேட் பசையின் பெரிய ஜாடியை 70 சதவீதம் தள்ளுபடியில், 4.50 யூரோவிலிருந்து 1.41 யூரோவுக்கு இறக்கின. பல ஊர்களில் கடைக்குள் தள்ளுமுள்ளு, முடியைப் பிடித்து இழுப்பது, போலீஸ் வருகை. நாடே சிரித்தது. சிரித்தவர்கள் பெரும்பாலும் அந்த மூன்று யூரோவைப் பொருட்படுத்தத் தேவையில்லாதவர்கள். அரசு பிறகு உணவுப் பொருள்களுக்கு 34 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தரக்கூடாது என்று சட்டம் போட்டது. விவசாயிகளைக் காக்க என்று கொண்டுவந்த சட்டம் அது. ஜாடிக்காக வரிசையில் நின்றவர்களைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

வடக்கும் வருமானமும்

நாட்டுச் சராசரி 17 என்பது யாருடைய நிலையையும் சொல்லாத எண். பாரிஸ் வட்டாரத்தில் 14.2 சதவீதம். பெல்ஜிய எல்லையை ஒட்டிய ஓ-த-பிரான்ஸில் 22.1. இரண்டு இடத்துக்கும் நடுவே அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம்தான்.

வடக்கத்தியச் சாப்பாடு கனமானது என்று எல்லோரும் சொல்வார்கள்: தெருமுனை உருளைக்கிழங்கு வறுவல் வண்டி, மருவால் பாலாடைக்கட்டி, பீர். அந்தச் சாப்பாடு நூறு ஆண்டாக இருக்கிறது. சுரங்கத்துக்குள் எட்டு மணி நேரம் நிலக்கரி வெட்டியவனுக்கு அது மிகையாக இல்லை. 1990 டிசம்பரில் வாஞீ நகரில் அந்தப் பகுதியின் கடைசிச் சுரங்கம் மூடப்பட்டது. ரூபே, தூர்குவான் நகரங்களின் நெசவாலைகள் அதற்கு முன்பிருந்தே ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தன. வேலை போனது. வேலையோடு போனது இன்னொன்று, ஒரே நேரத்தில் சங்கு ஊதி எல்லோரையும் சாப்பிட அனுப்பும் ஒழுங்கு. ஷிஃப்ட் இல்லாத வீட்டில் சாப்பாட்டு வேளை எது?

வேலை வகையை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவு. 2020இல் உயர்பதவியில் உள்ளவர்களில் 9.9 சதவீதம் பேருக்குப் பருமன். உடலுழைப்புத் தொழிலாளர்களில் 18 சதவீதம். பிள்ளைகளிடமே இந்தப் பிளவு தொடங்கிவிடுகிறது. 2013இல் ஆரம்பப் பள்ளிக்குள் நுழையவிருந்த ஐந்தாறு வயதுப் பிள்ளைகளை அளந்தார்கள். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளில் 16 சதவீதம் பேருக்கு எடை கூடுதல், 6 சதவீதம் பேருக்குப் பருமன். உயர்பதவியினர் வீட்டில் அது 7, 1. ஆறு வயதுப் பிள்ளை எதையும் தானாகத் தேர்ந்து வாங்குவதில்லை என்பதை ‘இது அவரவர் பொறுப்பு’ என்று பேசுபவர்களுக்கு ஒருமுறை நினைவூட்டலாம்.

இரண்டு சிற்றூர்கள்

இந்த வடக்கிலேயே, லீல் நகருக்கு மேற்கே, ஃப்ளேர்பே, லாவான்தி என்று அடுத்தடுத்து இரண்டு சிற்றூர்கள். லாவான்திக்குத் தெற்கே சில கிலோமீட்டர் போனால் நெவ்-ஷாப்பெல். முதல் உலகப் போரில் அந்தச் சேற்றில் மாண்ட இந்தியச் சிப்பாய்களின் நினைவிடம் அங்கே இருக்கிறது. போர் வரலாறு தேடிப் போகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத இந்தப் பகுதி, 1990களில் சத்துணவு ஆய்வாளர்களின் வரைபடத்தில் இடம்பிடித்தது.

1992இல் மருத்துவர் ஜான்-மிஷேல் போரிஸ் உள்ளிட்ட குழு ஒரு கேள்வியோடு அங்கே இறங்கியது: பிள்ளைகளுக்குப் பள்ளியில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தால், அது வீட்டுச் சமையலை மாற்றுமா? ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சத்துணவைத் தனிப் பாடமாக வைக்காமல் மற்ற பாடங்களுக்குள் நுழைத்தார்கள். பிள்ளைகள் சமைத்தார்கள், பண்ணைகளுக்குப் போனார்கள். ஐந்தாண்டு இப்படிப் போனது. பிள்ளைகளுக்கு அறிவு வந்தது. வீட்டுச் சமையலிலும் சில மாற்றம் தெரிந்தது. ஆனால் 2000இல் எடை போட்டுப் பார்த்தபோது, மற்ற ஊர்களைப் போலவே இங்கேயும் பிள்ளைகளின் எடை கூடியிருந்தது.

இந்த ஆய்வில் நான் மிகவும் மதிக்கும் இடம் இதுதான். பாடம் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று இன்றும் எத்தனையோ அரசுகள் நம்புகின்றன. தொடங்கி எட்டு ஆண்டுக்குப் பிறகு அது போதவில்லை என்ற விடை இங்கே கிடைத்தது. அதன் பிறகு ஊரே களத்தில் இறங்கியது. நகராட்சி விளையாட்டு வசதிகளைக் கட்டியது, பயிற்றுநர்களை வேலைக்கு வைத்தது. உணவியல் நிபுணர்கள் ஊருக்குள் வந்தார்கள். குடும்பங்களுக்கு உடல் பரிசோதனை வைத்து, தேவைப்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். குடும்ப மருத்துவர், மருந்துக்கடைக்காரர், கடைக்காரர், சங்கங்கள் என்று ஆளாளுக்கு ஒரு வேலை வந்தது.

2004இல் மறுபடி அளந்தார்கள். ஃப்ளேர்பே, லாவான்தி பிள்ளைகளில் எடை கூடியவர்கள் 8.8 சதவீதம். ஒப்பிட எடுத்துக்கொண்ட பக்கத்து ஊர்களான புவா-கிரெனியே, வியோலேனில் 17.8. பாதிக்குப் பாதி. பெண் பிள்ளைகளிடம் இறக்கம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. மோனிக் ரோமோன் தலைமையிலான குழு 2009இல் இதை வெளியிட்டபோது, ஐரோப்பாவெங்கும் இருந்து ஆட்கள் கேட்டு வந்தார்கள்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஒப்பிட்ட ஊர்களை 2004இல் ஒரே ஒருமுறைதான் அளந்தார்கள். 1992இல் அங்கே என்ன நிலை என்று கணக்கு இல்லை. ஊர்களைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கவும் இல்லை. இத்தனை வேலையில் எது பலித்தது என்று பிரித்துச் சொல்லவும் வழியில்லை. மொத்தமே சில ஆயிரம் பேர் வாழும் ஊர்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். மார்செய் நகரின் அடுக்குமாடித் தொகுதியில் இதைச் செய்ய முடியுமா என்பது வேறு கேள்வி.

ஆனாலும் 2004இலேயே, ‘ஒன்றுசேர்ந்து குழந்தைப் பருமனைத் தடுப்போம்’ என்ற பொருள் தரும் எபோட் என்ற பெயரில், ரூபே உள்பட பத்து நகரங்களில் திட்டம் தொடங்கிவிட்டது. மேயர் கையெழுத்துப் போட வேண்டும், திட்டத்துக்கென்றே ஓர் ஆளை நியமிக்க வேண்டும் என்பது விதி. 2005க்கும் 2009க்கும் இடையில் எட்டு நகரங்களில் பிள்ளைகளின் கூடுதல் எடை 20.6 சதவீதத்திலிருந்து 18.8க்கு இறங்கியது. ஃப்ளேர்பே அளவுக்கு அதிரடி இல்லை, ஒப்பிட வேறு ஊர்களும் இல்லை. ஸ்பெயினில் தாவோ, பெல்ஜியத்தில் வியாசானோ, நெதர்லாந்தில் ஜோக் என்று திட்டம் நாடு நாடாகப் போனது.

பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் கூடவே போனது. அரசுப் பணத்தோடு நெஸ்லே போன்ற உணவு நிறுவனங்களின் பணமும் சேர்ந்துதான் எபோட் ஓடியது. எந்த உணவையும் கெட்டது என்று முத்திரை குத்தக்கூடாது என்பது அதன் கொள்கைகளில் ஒன்று. பிள்ளைகளைக் கூனிக்குறுக வைக்கக்கூடாது என்பதற்காக அப்படி வைத்தோம் என்றார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் சாக்லேட் தயாரிப்பவருக்கும் அது ரொம்ப வசதியான கொள்கை. ‘ஓடு, ஆடு, காய்கறி தின்னு’ என்று சொல்லலாம். எந்தப் பாக்கெட்டைக் கீழே வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்ல முடியாது. திட்டம் பொய்யென்று நான் சொல்லவில்லை. பாதி வாயைக் கட்டிக்கொண்டு நடந்த திட்டம் என்று சொல்வேன்.

பாரிஸிலிருந்து வந்த ஆணைகள்

மத்திய அரசு சும்மா இருக்கவில்லை. 2001இல் தேசியச் சத்துணவுத் திட்டம் வந்தது. 2005 செப்டம்பரில் பள்ளிகளிலிருந்து தின்பண்ட இயந்திரங்கள் அகற்றப்பட்டன. 2007 முதல் விளம்பரங்களின் அடியில் ‘அதிகக் கொழுப்பு, அதிகச் சர்க்கரை, அதிக உப்பைத் தவிர்க்கவும்’, ‘இடையிடையே கொறிக்காதீர்கள்’ என்ற வரிகள் ஓடுகின்றன. சாக்லேட் விளம்பரத்துக்கடியில் அந்த வரி ஓடுவதை இப்போது யாரும் படிப்பதுகூட இல்லை. 2012 ஜனவரியில் இனிப்புப் பானங்களுக்கு வரி; ஒரு கேனுக்கு இரண்டு சென்ட், அதாவது ஒப்புக்கு. 2018இல் சர்க்கரை கூடக் கூட வரி ஏறும்படி மாற்றினார்கள், 2025இல் இன்னும் கூட்டினார்கள். 2017 ஜனவரியில் உணவகங்களில் அளவில்லாமல் சோடா நிரப்பிக்கொள்ளும் வசதியைத் தடை செய்தார்கள்.

இவற்றில் நின்று பார்க்க வேண்டியது நியூட்ரி-ஸ்கோர். பேராசிரியர் செர்ஜ் எர்பெர்க் குழு உருவாக்கி, 2017இல் அரசு ஏற்ற அடையாளம். பாக்கெட்டின் முன்பக்கத்தில் பச்சை ஏ முதல் சிவப்பு ஈ வரை ஐந்து எழுத்து. அவசரத்தில் கடைக்குள் ஓடும் அம்மாவுக்கு ஒரே பார்வையில் புரியும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தால் அதைக் கட்டாயமாக்க முடியவில்லை. விரும்பிய நிறுவனம் ஒட்டலாம். அங்கேதான் ஓட்டை. கணக்கிடும் முறையைப் புதுப்பித்தபோது குடிக்கும் தயிர் வகைகளின் மதிப்பெண் இறங்கியது. 2024இல் பால்பொருள் நிறுவனமான டனோன் அவற்றிலிருந்து அடையாளத்தையே எடுத்துவிட்டது. நல்ல மதிப்பெண் வரும்வரை ஒட்டுவது, இறங்கினால் கிழிப்பது. எதிர்ப்பு பெருநிறுவனங்களிடமிருந்து மட்டும் வரவில்லை. கொழுப்பும் உப்பும் அதிகமென்று ரோக்ஃபோருக்குக் கடைசிப்படி எழுத்து விழுந்ததில் அதைச் செய்பவர்களும் கொதித்தார்கள். இதில் என் அனுதாபம் அவர்கள் பக்கம் பாதிதான். நூறு கிராமுக்குக் கணக்குப் போடும் முறை, சாப்பாட்டின் கடைசியில் ஒரு துண்டு வைத்துக்கொள்ளும் பண்டத்துக்குச் சரியாகப் பொருந்தாது; உண்மை. ஆனால் அதைச் சாக்காக வைத்து பிஸ்கட் கம்பெனிகள் தப்பித்துக்கொள்கின்றன.

கடல் கடந்த பிரான்ஸ்

பிரெஞ்சுக்காரர் என்று சொல்லும்போது, இந்தியப் பெருங்கடலிலும் கரீபியக் கடலிலும் பிரான்ஸின் பகுதிகளாகவே இருக்கும் ரியூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ரியூனியனில் இன்று மலபார் என்று அழைக்கப்படுபவர்களில் பெரும்பகுதியினர், 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டக் கூலிகளாகத் தமிழ் மண்ணிலிருந்து கப்பலேறியவர்களின் வழிவந்தவர்கள். சர்க்கரை விளைவிக்கக் கொண்டுபோகப்பட்டார்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்போர் விகிதம் அந்தத் தீவில் பிரான்ஸ் சராசரியைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இதற்குப் பரம்பரை வாகு, வறுமை என்று பல காரணம் உண்டு. ஆனால் ஒரு காரணம் கேட்டால் கோபம் வரும். பாரிஸில் விற்கும் அதே பெயர்கொண்ட சோடாவிலும் தயிரிலும், தீவுகளில் சர்க்கரை அதிகமாகப் போட்டு விற்றார்கள். தீவுக்காரர்களுக்கு இனிப்பு பிடிக்கும் என்பது தயாரிப்பாளர்களின் சமாதானம். குவாதலூப்பைச் சேர்ந்த அப்போதைய அமைச்சர் விக்தோரேன் லூரேல் பெயரால் அறியப்படும் சட்டம் 2013 ஜூனில் வந்து, தாய்நாட்டில் விற்கும் பண்டத்தைவிட அதிகச் சர்க்கரையோடு தீவுகளில் விற்கக்கூடாது என்றது. ஒரே குடியரசின் குடிமக்களுக்கு ஒரே அளவு சர்க்கரை என்று சட்டம் போட வேண்டியிருந்தது 21ஆம் நூற்றாண்டில்.

கத்தியும் ஊசியும்

தடுப்பு இப்படி அரையும் குறையுமாகப் போன காலத்தில், சிகிச்சை பெரிய தொழிலாக வளர்ந்தது. 1997இல் பிரான்ஸில் எடைக் குறைப்புக்கான இரைப்பை அறுவை சிகிச்சைகள் 2,800. 2016இல் 59,300. இருபது மடங்குக்கு மேல். பெரும்பாலும் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, குழாய் போல ஆக்கும் முறை. செய்துகொள்பவர்களில் ஐந்தில் நாலு பேர் பெண்கள். செலவை அரசுக் காப்பீடு ஏற்கிறது. மதியச் சாப்பாட்டைச் சட்டம் போட்டுக் காத்த நாடு, மக்கள்தொகைக்கு இத்தனை இரைப்பை அறுவை என்ற கணக்கில் உலகில் முன்வரிசையில் நிற்கிறது. அறுவைக்குப் பிறகு வாழ்நாள் முழுக்க வைட்டமினும் மருத்துவக் கண்காணிப்பும் வேண்டும். பல பேர் சில ஆண்டுகளில் மருத்துவரிடம் போவதை விட்டுவிடுகிறார்கள்.

இப்போது எடை குறைக்கும் ஊசி மருந்து வந்திருக்கிறது. வெகோவி 2024 அக்டோபரில் பிரெஞ்சு மருந்துக் கடைகளுக்கு வந்தது. தொடக்கத்தில் சிறப்பு மருத்துவர்கள் மட்டும் எழுதலாம் என்றிருந்ததை, 2025 ஜூனில் எல்லா மருத்துவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். விற்பனைக்கு வந்தபோது மாதத்துக்குச் சுமார் 300 யூரோ, காப்பீடு கிடையாது. குறைந்தபட்சக் கூலி வாங்கும் ஒருவரின் கைக்கு வரும் மாதச் சம்பளம் ஏறத்தாழ 1,400 யூரோ. பருமன் குறைவாக இருக்கும் உயர்பதவியினரால்தான் அந்த விலையைக் கொடுத்து ஊசி போட்டுக்கொள்ள முடிந்தது. வடக்கின் பழைய சுரங்க நகர்களில் அதை எழுதிக் கொடுக்கும் மருத்துவருக்கு, வாங்க முடியுமா என்று முதலில் கேட்க வேண்டியிருந்தது.